உஷார்! ஆடி மாசத்தில் வீடு கேட்டு வருகிறார்களா?

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள், கல்யாணப் பேச்சைக்கூடத் தள்ளிப்போடுவார்கள். ஆனால் சிவகாசிக்கு ஆடி வேறு மாதிரி. ஆடிப் பதினெட்டு அன்று பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டு, தீபாவளி வியாபாரத்தைத் தொடங்கிவிடுவார்கள். அந்த நாட்களில் சாத்தூர், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை, திருத்தங்கல் பக்கம் வீடு தேடி வருகிற சிலர் ஒரே மாதிரி கேட்பார்கள். வீடு ஊருக்குக் கொஞ்சம் ஒதுங்கி இருக்கணும், தண்ணி வசதி இருக்கணும், மொட்டைமாடி நமக்கே வேணும், வாடகை முன்னேபின்னே ஆனாலும் பரவாயில்லை.

என் அத்தையிடமும் அப்படித்தான் ஒருவர் வந்தார். மாமா காலமான பிறகு அத்தை மகனோடு மதுரைக்குப் போய்விட்டாள். ஊரில் வீடு பூட்டிக் கிடந்தது. 2,500 ரூபாய்க்கு மேல் போகாத அந்த வீட்டுக்கு 6,000 தருகிறேன் என்றார் வந்தவர். முன்பணம் 50,000 ரூபாயை அன்றைக்கே கையில் வைத்தார். ஒரே ஒரு வேண்டுகோள்தான்: “வாடகைக்குன்னு நீங்க மதுரைல இருந்து அலைய வேண்டாம்க்கா, ஒண்ணாந்தேதி ஜிபேல போட்டு விட்டுருதேன்.” அத்தைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுசனா என்று எங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து வீட்டு வரி கட்ட ஊருக்குப் போன நான், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கலாமே என்று மாடி ஏறினேன். துணி காயப்போடும் கொடியில் துணி இல்லை. தளத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் கட்டைகள் நட்டு, வரிசை வரிசையாக நூல் இழுத்துக் கட்டியிருந்தது. எல்லாம் கன்னங்கரேலென்று. அடியில் சிமெண்ட் தரையில், சொட்டிக் காய்ந்த கறுப்புக் கோடுகள். தீபாவளி மறுநாள் காலையில் தெருவில் அடிக்குமே, அந்தக் கந்தக வாடை. இரண்டாம் வகுப்பு படிக்கிற வயசில் ஒரு பெண்பிள்ளை, நூலின் ஒரு நுனியைப் பிடித்தபடி நின்றது. அதன் விரல் இடுக்கெல்லாம் கறுப்பு. கீழேயிருந்து தாய் ஓடி வந்து, “ஊதுபத்தி வேலைண்ணே” என்றாள். ஊதுபத்தியை நூலிலா செய்வார்கள்?

அது கருந்திரி. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கூழில் நூலைத் தோய்த்து வெயிலில் காயவைப்பது. குரோஸ் கணக்கில் கூலி. பட்டாசின் உயிர்நாடியே இந்தத் திரிதான். காய்ந்த கருந்திரிக்கு ஒரு தீப்பொறி போதும், ஒரு நல்ல உராய்வு போதும். உரிமம் பெற்ற இடத்தைத் தவிர வேறெங்கும் இதைச் செய்யக் கூடாது. ஆனாலும் நம் மாவட்டத்துச் செய்தித்தாளைப் பிரித்தால் “இத்தனை குரோஸ் கருந்திரி பறிமுதல், ஒருவர் கைது” என்ற நாலு வரிச் செய்தியைப் பார்க்காத வாரம் குறைவு. அந்த நாலு வரியில் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றும் இருக்காது. அவருடைய கதை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

அன்று சாயங்காலமே காவல் நிலையத்துக்குப் போய் நாங்களாகவே சொன்னோம். வந்து பார்த்து, எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். அப்படிச் சொன்ன பிறகும் அத்தையை மூன்று தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். 65 வயசுக்காரி, மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து, மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேட்ட கேள்விகளைத் தப்பென்று சொல்ல முடியாது. 2,500 ரூபாய் வீட்டுக்கு ஏன்மா 6,000 வாங்கினீங்க? மூணு மாசமா ஏன் வந்தே பாக்கல? ஒப்பந்தம் எங்க? அத்தையிடம் இருந்தது ஒரு 20 ரூபாய் பத்திரம். அதில் வாடகை இருந்தது, முன்பணம் இருந்தது. எதற்காக வீடு விடப்படுகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் அவளைச் சாட்சியாக எழுதிக்கொண்டார்கள். தகவல் சொன்னது நாங்கள் என்பதால் சாட்சி. நாங்கள் சொல்வதற்கு ஒரு நாள் முன்னால் அந்த மாடி வெடித்திருந்தால்? அந்தக் கேள்வி இன்னமும் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்தப் பெண்பிள்ளையின் விரல்கள் அதைவிட அதிகமாக.

நான் மிகைப்படுத்தவில்லை. 2021 ஜூன் மாதம் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்துகொண்டிருந்தபோது வெடித்தது. மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒன்று 5 வயசுப் பையன். 2025 ஆகஸ்டில் அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில், விஜயகரிசல்குளத்தில், மறுபடி வீட்டுப் பட்டாசு, மறுபடி மூன்று உயிர். ஆலையில் நடந்தால் தலைவர்கள் இரங்கல் தெரிவிக்கிறார்கள், நிவாரணம் அறிவிக்கிறார்கள். வீட்டுக்குள் நடந்தால் உயிர் பிழைத்தவரே குற்றவாளி.

ஏன் வீடு இவ்வளவு மோசம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் வாங்கிய ஆலையில் மருந்து கையாளும் அறை தனித்து நிற்கும். ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் இடைவெளி இருக்கும். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், கீழே ரப்பர் விரிப்பு, மேலே இடிதாங்கி, அன்றன்றைக்குக் கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். இத்தனை விதி இருந்தும் அங்கேயும் சாவு விழுகிறது. வீட்டிலோ அடுத்த அறையில் கேஸ் அடுப்பு. சுவிட்சைத் தட்டினால் பொறி. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி, வெளியே ஓட ஒரே வாசல், அதுவும் உள்பக்கம் திறக்கிற கதவு. மேலே கான்கிரீட் தளம். வெடித்தால் நெருப்புக்குத் தப்பியவன் மேல் கூரை விழும்.

பக்கத்து வீட்டுக்காரன் என்ன பாவம் செய்தான்? 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசி பைபாஸ் ரோட்டில் பட்டாசு கிட்டங்கி ஒன்று தீப்பிடித்தது. பட்டாசுக்கும் தங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல், பக்கத்து ஸ்கேன் சென்டரில் ஸ்கேன் எடுக்க வந்தவர்கள் புகையில் மூச்சுமுட்டிச் செத்தார்கள். ஹாலந்தில் என்ஸ்கெடே என்ற ஊரில், 2000 மே 13 அன்று, குடியிருப்புக்கு நடுவே இருந்த வாணவேடிக்கைக் கிட்டங்கி வெடித்து 23 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய 400 வீடுகள் அழிந்தன. அது அனுமதி பெற்ற கிட்டங்கி. நம் தெருவில் நடப்பதற்கு அதுவும் இல்லை.

இனி சட்டத்துக்கு வருகிறேன். “நான் வாடகை வாங்குனவன் மட்டும்தான, உள்ள நடந்ததுக்கு நான் எப்படிப் பொறுப்பு?” என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. தயவுசெய்து இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

பட்டாசு வழக்கில் பொதுவாக இரண்டு சட்டங்கள் வரும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், குழம்பிவிடாதீர்கள். ஒன்று 1884-ஆம் வருசத்து வெடிபொருள் சட்டம். உரிமம் இல்லாமல் தயாரித்தால் 9பி பிரிவின்படி 3 வருசம் வரை சிறை. சின்னத் தண்டனை என்று தோன்றும். இரண்டாவதுதான் பயங்கரம்: 1908-ஆம் வருசத்து வெடிப்பொருட்கள் சட்டம். சந்தேகத்துக்கிடமான சூழ்நிலையில் வெடிபொருள் தயாரித்தாலோ, தெரிந்தே வைத்திருந்தாலோ 5-ஆவது பிரிவின்படி 10 வருசம் வரை. அதற்கு அடுத்த 6-ஆவது பிரிவு, உடந்தையாக இருப்பவர்கள் யார் யார் என்று வரிசையாகச் சொல்கிறது. பணம் கொடுத்தவர், பொருள் கொடுத்தவர், இடம் கொடுத்தவர். ஆமாம், இடம் கொடுப்பது என்று சட்டத்தின் வாசகத்திலேயே இருக்கிறது. நூறு வருசத்துக்கு முன்னால் எழுதி வைத்துவிட்டார்கள். அவர்களுக்கும் செய்தவனுக்கு உள்ள அதே தண்டனைதான்.

உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவும் சேரும். கவனக்குறைவால் மரணம் என்றால் 106-ஆவது பிரிவு, 5 வருசம் வரை. வெடிபொருளில் அசட்டையாக இருந்ததற்கு 288. சாவு வரும் என்று தெரிந்தே விட்டார்கள் என்று காவல்துறை கருதினால் 105, கொலையாகாத மரணம்.

தெரியாமல் வீடு விட்டவருக்கும் இதெல்லாம் பாயுமா? நியாயப்படி பாயக் கூடாது. உடந்தை என்றால் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் போக்கு. நீதிமன்றம் கடைசியில் உங்களை விடுவிக்கலாம். அந்தக் ‘கடைசி’ எப்போது வரும் என்பதுதான் பிரச்சினை. முன்ஜாமீனுக்கு அலைச்சல், வாய்தாவுக்கு வாய்தா சாத்தூர் கோர்ட் வாசல், வக்கீல் பீஸ், இடிந்த வீடு, சொந்த ஊரில் தலை காட்ட முடியாத நிலைமை. ‘தெரியாது’ என்று வாயால் சொன்னால் போதாது, உங்கள் நடத்தை அதைச் சொல்ல வேண்டும். ஊர் நிலவரத்தைவிட இரண்டு மடங்கு வாடகை வாங்கி, வருசக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அந்தக் கூடுதல் 3,500 ரூபாய் எதற்கு வந்தது என்று அத்தையிடம் கேட்டார்களே, அதே கேள்வியைக் கூண்டில் நிற்கும்போது உங்களிடமும் கேட்பார்கள்.

கைமாற்றி விட்டால் பொறுப்பும் கைமாறிவிடும் என்ற நினைப்பும் நம் பக்கம் வேரோடிக் கிடக்கிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலையில் வெடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்களே, அங்கே உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது. குத்தகைக்கு எடுத்தவர் இன்னொருவர். அவரிடமிருந்து உள்குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர்கள் வேறு சிலர். வெடித்த பிறகு குத்தகைக்காரர்களோடு உரிமக்காரரும் வழக்கில் நின்றார். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் என்று நிர்ணயித்தது. அது ஆலை, இது வீடு என்பது சரிதான். ஆனால் மேலே இருப்பவர் ‘நான் விட்டுட்டேன், அவன் நடத்துனான்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்பது இரண்டுக்கும் பொது. 2023 அக்டோபரில் கர்நாடகத்தில், ஓசூருக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையும் கிட்டங்கியும் எரிந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே லீவு நாளில் வேலைக்குப் போய்க் கருகினார்கள். அந்த முதல் தகவல் அறிக்கையிலும் கடை நடத்தியவரோடு இடத்துக்காரரும் சேர்க்கப்பட்டார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், வேகமாக. மின் இணைப்பு உங்கள் பெயரில். வீட்டு இணைப்பில் தொழில் நடந்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள், எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. பட்டாசு என்றில்லை, வீட்டில் பிரிண்டிங் மெஷின் போட்டாலும் மெஸ் நடத்தினாலும் இதே கதைதான். குடியிருப்பு என்று சொல்லிக் காப்பீடு எடுத்த கட்டடம் வெடிமருந்தால் விழுந்தால் நிறுவனம் கையை விரிக்கத்தான் பார்க்கும். பக்கத்து வீட்டுச் சுவர் விழுந்தால் நட்டஈடு கேட்டு உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும். வாடகைக்காரருக்கு ஊரில் சொத்தா இருக்கிறது?

இன்னொரு கூட்டமும் இப்போது வீடு தேடுகிறது. தயாரிப்பது இல்லை, ‘சும்மா பெட்டிதான் அண்ணாச்சி, பேக்கிங் பண்ணி அனுப்புவோம்’ என்பார்கள். ஆன்லைன் ஆர்டருக்கு கிப்ட் பாக்ஸ் அடைப்பது. ஆன்லைனில் பட்டாசு விற்பதையே உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் தடுத்துவிட்டது. சரவெடிக்கும், பச்சை உப்பு என்று நாம் சொல்லும் பேரியத்துக்கும் அதே தீர்ப்பில்தான் தடை விழுந்தது. ஆலையில் செய்ய முடியாததெல்லாம் வீட்டுக்குள் ஒதுங்குகிறது என்று நான் சொல்வது இதனால்தான். ஆலைகளில் சோதனை கடுமையாகும்போதெல்லாம் இந்த ஒதுங்கல் கூடுகிறது. தீபாவளி நெருங்க நெருங்க இன்னும் கூடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டாசுத் தொழிலாளி என்று தெரிந்தாலே வீடு இல்லை என்று கதவைச் சாத்துவதற்காக நான் இதை எழுதவில்லை. ஆயிரத்துக்கு மேல் ஆலைகள் இருக்கிற மாவட்டம் இது. பாதிப் பேர் வீட்டு அடுப்பு இதில்தான் எரிகிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெத்துக் குழாய் உருட்டுகிற பெண்களும், தீப்பெட்டிக் கட்டு ஒட்டுகிற கிழவிகளும் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. காகிதமும் பசையும் வெடிக்காது. மருந்து வீட்டுக்குள் வருகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. அதைக் கொண்டுவந்து கொட்டுகிறவன் அநேகமாக அந்த வீட்டில் குடியிருப்பதில்லை. நாலு ஊரில் நாலு வீடு பிடித்து, கூலிக்கு ஆள் உட்காரவைத்துவிட்டு, பைக்கில் வந்து சரக்கை எடுத்துப் போகிறவன் அவன். சாகிறது அந்தப் பெண்ணும் பிள்ளையும். ஜெயிலுக்குப் போகிறது நீங்கள்.

மருந்து வந்தால் வீடு காட்டிக்கொடுக்கும். கருந்திரி என்றால் மாடியிலும் பின்கட்டிலும் கறுப்புக் கோடு விழும். பேன்சி ரகம் என்றால் அலுமினியப் பவுடர், அது எங்கும் ஒட்டும். வாசற்படி, குழாயடி, சாக்கடைத் தண்ணீர், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் வெள்ளிப் பூச்சுப் போல மினுங்கும். பகலில் ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள், வெயில் நேரத்தில் மாடிக்கு யாரையும் விட மாட்டார்கள், நூல்கண்டு சாக்கும் உப்புச் சாக்கும் ராத்திரியில் இறங்கும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் தாமதிக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் நீங்களே உள்ளே புகுந்து சண்டை போடக் கூடாது. மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டுப் போடுவது இரண்டும் சட்டப்படி தப்பு. சாதாரண நாளில் வீட்டைப் பார்வையிட 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டுப் போகலாம், 2017 வாடகைச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் மருந்து இருப்பது தெரிந்துவிட்டால் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 112. கையால் தொடாதீர்கள், கூட்டி அள்ளாதீர்கள். முக்கியமாக, தண்ணீரை ஊற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அலுமினியப் பவுடர் கலந்த மருந்து நனைந்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறி வெடிக்கும். போனில் சொன்னதோடு நிற்காமல் எழுத்தில் ஒரு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்கி வையுங்கள். சாட்சியா, குற்றவாளியா என்பதை அந்த ஒரு துண்டுத் தாள்தான் பிரிக்கிறது.

ஒப்பந்தம் எழுதும்போது ‘குடியிருக்க மட்டும்’ என்று எழுதுங்கள். வெடிமருந்து, கருந்திரி, பட்டாசு தயாரிக்கவோ இருப்பு வைக்கவோ கூடாது, உள்வாடகைக்கு விடக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். ஒத்திக்கு விட்டாலும் இதே வாசகம் வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த 2017 சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஆன்லைனிலேயே பதியலாம். நோட்டீஸ் கொடுத்த பிறகும் சட்டவிரோதக் காரியத்துக்கு வீட்டைப் பயன்படுத்தினால் காலி செய்யச் சொல்ல அதில் வழி உண்டு. கிராமத்தில் யார் இதெல்லாம் பார்க்கிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். எதற்காக விட்டதோ அதைத் தவிர வேறு காரியத்துக்கு இடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 1882-ஆம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. ஆதார் நகல் வாங்குங்கள், முந்தின வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். சென்னையிலோ துபாயிலோ இருப்பவர் என்றால், வாடகையை வங்கியில் வாங்கினாலும் மாதம் ஒருமுறை சொந்தக்காரர் யாரையாவது அந்தப் படி ஏறச் சொல்லுங்கள். அத்தை ஒரே ஒரு தடவை வந்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

அத்தை வீட்டு மாடியில் அந்தக் கறுப்புக் கோடுகள் இரண்டு மழைக்காலம் போயும் அழியவில்லை. மேலே ஒரு பூச்சுப் பூசிவிடலாம் என்றார் கொத்தனார். அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது யார் வீடு கேட்டு வந்தாலும் மதுரையிலிருந்து அவளே பஸ் ஏறி வருகிறாள். கூடத்தையும் அடுப்படியையும் காட்டுவதற்கு முன்னால், முட்டி வலியோடு படியேறி, முதலில் மாடிக்குத்தான் கூட்டிப்போகிறாள்.